தோற்கிற அணிக்குக் கை தட்டினால் என்ன?



புரோ கபடி ஆரம்பித்துவிட்டால் எங்கள் வீட்டு ரிமோட் அப்பா கையில்தான். அப்பா எப்பவும் தமிழ் தலைவாஸ் கட்சி. அண்ணன், எந்த அணி முதலில் இருக்கிறதோ அந்தக் கட்சி! பாட்னா ஜெயித்தால் பாட்னா, ஜெய்ப்பூர் ஜெயித்தால் ஜெய்ப்பூர். "தோக்குற டீமைப் பார்த்து எதுக்குப்பா பி.பி.யை ஏத்திக்கிறீங்க?" என்று கேலி செய்வான்.

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கு. கபடி நம்ம மாநில விளையாட்டு. ஆனா 2017-ல் தமிழ் தலைவாஸ் முதன்முதலாக வந்தபோது தன் பிரிவில் கடைசி இடம். 2018-லும் கடைசி. 2019-ல் 12 அணிகளில் 12-வது இடம். அஜய் தாக்கூர் மாதிரி பெரிய வீரர் கேப்டனாக இருந்தும் இப்படி. "அவரே இமாச்சலப் பிரதேசத்துக்காரர். பேர்ல தமிழ் இருந்தா நம்ம டீம் ஆயிடுமா?" என்று அண்ணன் ஒருநாள் கேட்டான். எனக்கு உடனே பதில் வரலை. ரெண்டு நாள் கழிச்சுத்தான் தோணுச்சு. நம் பள்ளி ஆசிரியர்கள் பலர் வெளியூர்தான். அவங்களை "எங்க சார், எங்க டீச்சர்" என்றுதானே சொல்கிறோம்?

2022-ல் நான் ஆறாம் வகுப்பு. அந்த வருஷம் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தாங்க. முதல் போட்டியிலேயே அவருக்கு முழங்காலில் அடிபட்டுவிட்டது. "முடிஞ்சுது, சேனலை மாத்துங்க" என்றான் அண்ணன். அப்பா மாற்றவில்லை. நரேந்தர் என்ற புதுப் பையன் பாடிப் போய்ப் போய் பாயிண்டாகக் கொண்டு வந்தார். யு.பி. யோதாஸுடன் 36-36 என்று சமமாகி, டை பிரேக்கரில் ஜெயித்தபோது அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி என்னமோ ஏதோன்னு ஓடி வந்தாங்க! அரை இறுதியில் புனேயிடம் 37-39. ரெண்டே பாயிண்ட். நான் அழுதேன். அண்ணன் அழலை. ஆனா ஜெயிச்ச அன்னைக்கு அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தில் கால்வாசிகூட அவனுக்கு வரலை.

திட்டக் கூடாதுன்னு நான் சொல்லலை. அப்பா திட்டுறதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. ஆனா திட்டிக்கிட்டே கடைசி நிமிஷம் வரைக்கும் உட்கார்ந்திருப்பார்.

இப்போ நம்ம கதைக்கு வர்றேன். நம் பள்ளிப் பெண்கள் கபடி அணி மூணு வருஷமா குறுவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்குது. தினமும் மைதானத்தில் கல் பொறுக்கிவிட்டுத்தான் பயிற்சி. போன தடவை எதிர் அணிக்கு ஒரு கூட்டமே வந்து விசில் அடிச்சுதாம். நம்ம பக்கம் பி.இ.டி. சார், அப்புறம் ஒரு பொண்ணோட அம்மா. அவ்வளவுதான். மறுநாள் பிரேயரில் "வழக்கம்போலவா?" என்று சிரிச்சவங்க மட்டும் நிறைய பேர். அதில் நானும் ஒருத்தி என்று எழுத வெட்கமா இருக்கு. டி.வி.யில் பார்க்கிற அணிக்காக அழுத நான், என் பெஞ்சில் உட்கார்கிறவள் முழங்கை தேய்ஞ்சு வந்தபோது, "எத்தனை பாயிண்ட்ல தோத்தீங்க?" என்றுதான் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் தமிழ் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.

இந்த வருஷம் குறுவட்டப் போட்டிக்கு நான் போகிறேன். அப்பாவும் வர்றேன்னு சொல்லியிருக்கார். (சத்தமாகத் திட்டுவார், சார் மன்னிக்கணும்.) வேனில் அணிக்கு மட்டும்தான் இடமாம். சைக்கிளில் வர்றவங்க என்கிட்ட பேர் கொடுங்க.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி