கம்ப்யூட்டர் பட்டமும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளையும்

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளியானதும் மில் லைன் வீடுகளிலும் கிராமத்துக் காலனித் தெருக்களிலும் சில புதிய மனிதர்கள் நடமாடத் தொடங்குகிறார்கள். கையில் வர்ண வர்ணமான நோட்டீசு. வாயில் தேனொழுகும் பேச்சு. "உங்கள் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் என்ஜினீயரிங் சீட் வாங்கித் தருகிறோம். இப்போது முன்பணம் மட்டும் கட்டுங்கள். படித்து முடித்த மறுநாளே வேலை" என்கிறார்கள். தாயின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. தகப்பன் புரோநோட்டில் கையெழுத்துப் போடுகிறான். நாலு வருஷம் கழித்துப் பார்த்தால் வட்டி வளர்ந்திருக்கிறது; வேலை வரவில்லை.

இந்தத் தரகன் எதை விற்கிறான்? நமக்குத் தெரியாததை விற்கிறான். கம்ப்யூட்டர் பட்டம் வாங்கச் சட்டப்படி என்ன வேண்டும் என்று நமக்குத் தெரிந்துவிட்டால் அவன் கடை பாதி மூடிவிடும். சட்டத்தில் எழுதாமலே நம்மிடம் கேட்கப்படுவது என்ன என்றும் தெரிந்துகொண்டால், மீதிப் பாதியை மூட எங்கே போராட வேண்டும் என்பது விளங்கிவிடும்.

சட்டம் கேட்பது என்ன?

நமது ராஜ்யத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயன்ஸ் பி.இ. படிப்பு நாலு வருஷம், அதாவது எட்டு செமஸ்டர். இதில் சேரப் பிளஸ் டூவில் கணிதம், பௌதிகம், ரசாயனம் ஆகிய மூன்றிலும் தேறியிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து சராசரியாகப் பொதுப் பிரிவினருக்கு 45 சதவிகிதமும், பிற்பட்ட, மிகவும் பிற்பட்ட, தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 40 சதவிகிதமும் வேண்டும். இது விண்ணப்பிக்கும் தகுதி. நல்ல கல்லூரியில் இடம் கிடைக்க இதைவிட வெகு உயர்ந்த மார்க்கு வேண்டும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50 என்று 200-க்குக் கணக்கிட்டு வரிசைப்படுத்துகிறார்கள். அந்த வரிசைப்படி, 69 சதவிகித இட ஒதுக்கீட்டுடன், கவுன்சலிங்கில் இடம் தருகிறார்கள்.

பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நுழைவுத் தேர்வும் இல்லை. 1984 முதல் இங்கே நுழைவுத் தேர்வு இருந்தது. பட்டணத்துக் கோச்சிங் வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்தவனுக்கே அது வழிவிட்டது. 2006-ல் சட்டசபை அதை ரத்து செய்து சட்டம் இயற்றியது. இது மக்கள் பெற்ற வெற்றி. இதைக் கண்ணைப்போல் காக்க வேண்டும்.

தனியார் கல்லூரிகளும் தங்கள் இடங்களில் 65 சதவிகிதத்தை (சிறுபான்மையினர் கல்லூரியானால் 50 சதவிகிதத்தை) சர்க்கார் கவுன்சலிங்குக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். நன்கொடை வாங்குவது 1992-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தகுதி மார்க்கு உள்ள பிள்ளைக்குக் கவுன்சலிங் வாசல் திறந்தே இருக்கிறது. பிறகு தரகன் எதற்கு?

சேர்ந்த பிறகு என்ன வேண்டும்? அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2018-ல் வகுத்த மாதிரித் திட்டப்படி பட்டத்துக்கு 160 கிரெடிட் சேர்க்க வேண்டும். கிரெடிட் என்பது படிப்பின் அளவுபடி. ஒரு செமஸ்டர் முழுவதும் வாரம் ஒரு மணி நேரம் பாடம் கேட்டுத் தேறினால் ஒரு கிரெடிட். லாப் வேலையானால் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ம் ஆண்டு விதிகளின்படி வருகை 75 சதவிகிதம் வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் மொத்தம் 50 சதவிகிதமும், செமஸ்டர் பரீட்சையில் மட்டும் குறைந்தது 45 சதவிகிதமும் எடுத்தால்தான் தேர்ச்சி. தவறினால் அரியர். எல்லா அரியரையும் 14 செமஸ்டருக்குள், அதாவது 7 வருஷத்துக்குள் முடித்தாக வேண்டும்.

முதல் வருஷத்தில் கணிதம், பௌதிகம், ரசாயனம், இங்கிலீஷ் இவற்றோடு பைதான் என்னும் கம்ப்யூட்டர் பாஷை. பிறகு விவரங்களை அடுக்கி வைக்கும் முறை, அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் என்று போய், கடைசி வருஷத்தில் சொந்தமாக ஒரு பிராஜெக்ட் செய்து முடிக்க வேண்டும்.

"உங்களுக்கு வராது" என்னும் பொய்

"இதெல்லாம் படித்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் வரும்" என்று சொல்லும் பெரிய மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரின் பூர்வீகம் எங்கே என்று அவர்களைக் கேட்க வேண்டும். நெசவுத் தறியில்தான் இருக்கிறது! பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் ஜாக்கார்டு என்பவர் 1804-ல் ஒரு தறியை அமைத்தார். துளையிட்ட அட்டைகளைக் கோத்து ஓட்டினால், துளை இருக்கிற இடத்தில் இழை ஒரு விதமாகவும், துளை இல்லாத இடத்தில் வேறு விதமாகவும் அசையும். துணியில் பூ விழும். பட்டு நெய்யும் தோழர்களுக்கு இந்த அட்டையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே அட்டையைத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கு யந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். அந்த யந்திரம் கணக்குப் போட வேண்டிய வரிசையை அடா லவ்லேஸ் என்ற பெண்மணி 1843-ல் எழுதி வெளியிட்டார். 1890-ல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கும் துளை அட்டையாலேயே எண்ணப்பட்டது. துளை உண்டு, துளை இல்லை, ஒன்று, சைபர். இன்றைய கம்ப்யூட்டரும் இந்த இரண்டை வைத்துத்தான் பேசுகிறது. லியோன் நகரத்து நெசவாளிகள் 1831-ல் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்தார்கள் என்பதையும் இங்கே நினைவில் வைப்போம்.

எந்த ஃபிரேமில் முதலில் டாஃபிங் எடுப்பது, எதை அடுத்து எடுப்பது என்று மில் தொழிலாளி முறை வகுத்துக்கொள்கிறாரே, அப்படிப் படிப்படியாக வகுத்த முறைக்குத்தான் அல்காரிதம் என்று பெயர். ஒரே மடைத் தண்ணீரை முறை வைத்துப் பல வயல்களுக்கும் பாய்ச்சுகிறார் நீர்க்கட்டி. ஒரே யந்திரத்தின் நேரத்தை முறை வைத்துப் பல வேலைகளுக்கும் பங்கிடுகிறது ஆபரேட்டிங் சிஸ்டம். இந்த மூளை நம் வீடுகளில் இல்லையென்று எவன் சொன்னது?

பூட்டு பதினைந்து வயதில் தொங்குகிறது

அப்படியானால் நம் பிள்ளைகள் எங்கே தடுக்கப்படுகிறார்கள்? கல்லூரி வாசலில் நின்று பார்த்தால் அது தெரியாது. பதினோராம் வகுப்பில் சேருகிற அன்றே பூட்டு விழுந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை அன்று எந்த குரூப்பில் பெயர் கொடுக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணிதம் இல்லாத குரூப்பில் சேர்ந்த பிள்ளைக்கு நாம் மேலே சொன்ன வழி அடைபட்டது. கிராமத்துச் சர்க்கார் பள்ளியில் கணித வாத்தியார் இடம் காலியாக இருந்தால், "மார்க்கு குறைவு, வேறு குரூப் எடு" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளையின் கதை பதினைந்து வயதில் தீர்மானமாகிறது. கணக்கு குரூப் என்றால் என்ன என்று கேட்டுச் சொல்லத் தகப்பனுக்கு நேரம் எங்கே? அவர் ஷிப்டில் நிற்கிறார், அல்லது நாற்றங்காலில் நிற்கிறார். "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் மில் தரகர்கள் நம் பெண்பிள்ளைகளைக் கேட்டு வந்ததும் ஏறக்குறைய இதே வயதில்தான் என்பதை மறக்கலாமா?

இரண்டாவது தடை, பாஷை. நம் பிள்ளைகள் தமிழில் படித்துத் தேறி வருகிறார்கள். கம்ப்யூட்டர் வகுப்பிலோ முதல் நாளே இங்கிலீஷ் மழை. கணக்கு தெரிந்த பிள்ளை கேள்வி புரியாமல் அரியர் வைக்கிறது. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிகல் பாடங்களைத் தமிழ் வழியில் தொடங்கியது. கம்ப்யூட்டர் சயன்ஸில் அந்த வாசல் அகலமாகத் திறக்கப்படவில்லை.

மூன்றாவது தடை, பணம். 2017-ல் கட்டணக் கமிட்டி நிர்ணயித்தபடியே, கவுன்சலிங் மூலம் தனியார் கல்லூரியில் சேருகிறவருக்கு வருஷத்துக்கு ரூ. 50,000 முதல் ரூ. 55,000 வரை, மானேஜ்மெண்ட் கோட்டாவுக்கு ரூ. 85,000-க்கு மேல். ஹாஸ்டல், சாப்பாடு, புஸ்தகம், லேப்டாப் தனி. வருஷத்தில் பாதி நாள் வேலையில்லாத விவசாயத் தொழிலாளி எங்கே போவார்?

ஒரு விஷயம் பாருங்கள். மதுரையில் 1957-ல் பொறியியல் கல்லூரி நிறுவியவர் மீனாட்சி மில் முதலாளி கருமுத்து தியாகராஜன் செட்டியார். கோவையில் 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியை ஏற்படுத்தியதும் மில் நடத்திய குடும்பத்தின் தர்ம ஸ்தாபனமே. கல்லூரி எழுந்தது நல்ல காரியம். ஆனால் மில்லில் லாபம் எப்படி விளைந்தது? நூலிழைத் தூசியைச் சுவாசித்து மூன்று ஷிப்ட் நின்றவர்களின் உழைப்பால் விளைந்தது. அந்த உழைப்பாளியின் பேரப்பிள்ளை அங்கே படிப்பது யாருடைய தயவும் இல்லை, அது உரிமை.

புதிய பூட்டு தயாராகிறது

இருக்கிற தடைகள் போதாதென்று 2020-ல் மத்திய சர்க்கார் அறிவித்த கல்விக் கொள்கை, பட்டப்படிப்புக்குப் பொது நுழைவுத் தேர்வு என்கிறது. அதன் பலன் என்ன என்பதற்கு உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. 1959-ல் தொடங்கிய ஐ.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் பி.டெக். சேரப் பள்ளி மார்க்கு போதாது, ஜே.இ.இ. தேர்வுகள் இரண்டைத் தாண்ட வேண்டும். அதற்கென்றே கோச்சிங் வியாபாரம் கொழுக்கிறது. மேலும் அந்தக் கொள்கை, ஒரு வருஷத்தில் விலகினால் சர்டிபிகேட், இரண்டு வருஷத்தில் விலகினால் டிப்ளமோ என்கிறது. நடுவில் விலகுகிறவன் யார்? லட்சாதிபதியின் மகன் விலகமாட்டான். பீஸ் கட்ட வழியில்லாதவன் விலகுவான். அவன் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து வழியனுப்புவதற்குச் சீர்திருத்தம் என்று பெயர்!

"படித்தவனுக்கே வேலை இல்லையே, பிறகு பட்டம் எதற்கு?" என்று தோழர்கள் கேட்பது நியாயமான கேள்வி. பட்டம் வேலைக்கு உத்தரவாதம் ஆகாது. கம்ப்யூட்டர் கம்பெனிகளிலும் நீண்ட நேர வேலை உண்டு, ஆட்குறைப்பு உண்டு, அங்கே உட்கார்ந்து வேலை செய்கிறவரும் உழைப்பை விற்கும் தொழிலாளிதான், அவருக்கும் சங்கம் வேண்டும். ஆனால் வேலையின்மையைக் காட்டி நம் பிள்ளைகளைப் படிப்பிலிருந்து விலக்குவது முதலாளித்துவத்தின் பழைய தந்திரம். யந்திரங்களை யார் அறிகிறார்கள் என்பது நாளை அவற்றை யார் ஆளப்போகிறார்கள் என்பதோடு சம்பந்தப்பட்டது.

நாம் செய்ய வேண்டியவை

தோழர்களே, முதலில் வீட்டில். கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைக்குப் பதினோராம் வகுப்பில் கணித குரூப் கேட்டு வாங்குங்கள். அது தவறிப்போனாலும் வழி முற்றும் அடைபடவில்லை. பத்தாம் வகுப்புத் தேறினால் சர்க்கார் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷ டிப்ளமோ படிக்கலாம். அதை முடித்தவர் பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேரலாம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை சர்க்கார் பள்ளியில் படித்தவருக்கு 2021-ம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவிகித இடம் உண்டு. அதில் சேருகிறவரின் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் ஆகியவற்றைச் சர்க்கார் ஏற்பதாக அந்த ஆண்டே அறிவிக்கப்பட்டது. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவருக்கும் சலுகைகள் உண்டு. சர்டிபிகேட்டுகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். தரகன் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிறகு வீதியில். ஒவ்வொரு சர்க்கார் மேல்நிலைப் பள்ளியிலும் கணித குரூப்பும் அதற்கு நிரந்தர வாத்தியாரும் வேண்டும். சர்க்கார் பொறியியல் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் இடங்களைக் கூட்ட வேண்டும். பாடப் புத்தகமும் கேள்வித்தாளும் தமிழிலும் கிடைக்க வேண்டும். மறைமுக நன்கொடை வாங்கும் கல்லூரிகள் மீது 1992-ம் ஆண்டுச் சட்டம் பாய வேண்டும். நுழைவுத் தேர்வு எந்த ரூபத்திலும் திரும்பி வரக்கூடாது.

ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இந்தக் கோரிக்கைகளைத் தங்கள் மகஜரில் கூலி உயர்வுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். பஞ்சப்படிக்காக மில் கேட்டில் நிற்கத் தெரிந்த நமக்கு, பிள்ளையின் கணித வாத்தியாருக்காகக் கல்வி ஆபீஸ் வாசலில் நிற்கத் தெரியாதா? அடுத்த ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் நிற்போம்!