மணி அடிச்சா போதுமா? ஓடி வர ஆள் வேண்டாமா?

வானகரம் அருகே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரி மோதி ஒருவர் தலையில் அடிபட்டால், அடுத்த மணி நேரத்தில் வென்டிலேட்டரில்! குடும்பம் வெளியே பெஞ்சில். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நடப்பது யாருக்குத் தெரியும்?

இப்போது 'ஸ்மார்ட்' கருவிகள் வந்துவிட்டன. மூச்சு, நாடி, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எல்லாம் ஒரே திரையில். குழாய் கழன்றால் மணி அலறும். வீட்டில் இருக்கும் டாக்டரும் செல்போனிலேயே பார்க்கலாம். நல்ல சங்கதிதான், வரவேற்போம்!

ஆனால், ஓடி வர ஆள்? வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்பது தீவிர சிகிச்சை டாக்டர்கள் சங்கத்தின் பரிந்துரை. ஒரே நர்ஸ் நாலு கட்டிலுக்கு அல்லாடினால்? சும்மா சும்மா அடிக்கிற மணி காதுக்குப் பழகிப் போகும். நிஜ ஆபத்தின் மணியும் அதோடு போகும்.

அடுத்தது கரண்ட். 2015 டிசம்பர் வெள்ளம் மறந்துபோச்சா? மணப்பாக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் தண்ணீரில் முடங்கியது. வென்டிலேட்டரில் இருந்த பலர் இறந்தார்கள்.

கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: ராத்திரி டூட்டியில் எத்தனை நர்ஸ்? ஜெனரேட்டர் எந்த மாடியில்? பில் கட்டுகிறவருக்கு இதைக் கேட்க உரிமை உண்டு!