வேலைக்குப் போகிறவரின் பட்டம்: அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் எங்கள் நிலைப்பாடு

தமிழ்நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே பட்டப் படிப்பு படிப்பவர்களும், அவர்களுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் சேர்ந்த அமைப்பு எங்களுடையது. உயர்கல்வித் துறை, மாநிலப் பல்கலைக்கழகங்கள், தொழில் நிறுவனங்கள் ஆகிய மூன்று தரப்பையும் நோக்கி இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேலைக்குப் போகிறவருக்குக் கற்பிப்பதைப் பல்கலைக்கழகங்கள் வருமானம் தரும் பக்கத் தொழிலாக நடத்துவது நிற்க வேண்டும். அரசுக் கல்லூரியின் வகுப்பறையில், அரசின் செலவில், தேர்வின் கடுமையைத் துளியும் குறைக்காமல், அவர்கள் வரக்கூடிய நேரத்தில் கற்பிக்க வேண்டும்.

நாங்கள் பேசுவது ஒரகடத்தில் அசெம்பிளி லைனில் நிற்கும் டிப்ளமோக்காரரைப் பற்றி. குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, பட்டம் கேட்கும் குரூப் 2 தேர்வின் வாசலில் நிற்பவரைப் பற்றி. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் முடித்து வந்து இரவில் புத்தகத்தைத் திறக்கும் பெண்ணைப் பற்றி. திருமணத்தோடு நின்றுபோன படிப்பை, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் கையில் எடுக்கும் தாயைப் பற்றி. “கரஸ்ல படிக்கிறேன்” என்று இவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வதைக் கேட்டு எங்களுக்கு மனம் கசந்திருக்கிறது. பகலெல்லாம் உழைத்து, வீட்டுப் பொறுப்பையும் சுமந்து, அதற்கு மேலும் படிக்கிறவர் யாருக்காகக் குரலைத் தாழ்த்த வேண்டும்?

இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வி 1962-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் அந்த வழிக்கு வந்தன. 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தனிச் சட்டத்தின் மூலம் உருவானது. வீட்டில் முதல் பட்டதாரியாக ஆன எத்தனையோ எழுத்தர்களும் நடத்துநர்களும் ஆசிரியர்களும் இந்த வழியில் வந்தவர்கள். அந்த நன்றி எங்களுக்கு உண்டு.

ஆனால் இந்த அஞ்சல்வழிப் பிரிவுகள் நாளடைவில் பல்கலைக்கழகத்தின் பணப்பெட்டி ஆகிவிட்டன. தபாலில் படித்தவர் கட்டிய பணம் வளாகத்தின் செலவைத் தாங்கியது. அவருக்கோ தடித்த புத்தகக் கட்டும், வருடத்துக்குச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கான்டாக்ட் கிளாஸும் கிடைத்தன. சந்தேகம் கேட்க ஆசிரியர் இல்லை. அரியர் விழுந்தால் ஏன் விழுந்தது என்று சொல்ல ஆளில்லை.

சட்டச் சிக்கல்கள் வேறு. 2009-ல் உச்ச நீதிமன்றம், இளநிலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாக வாங்கிய முதுநிலைப் பட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு வெளியிட்ட அரசாணை 107, பத்து, பன்னிரண்டு, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களையே அரசு வேலைக்குத் தகுதியுள்ளவர்களாக ஏற்றது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்களைச் செல்லாதவை என்றது. அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களுக்கு மட்டும் புதிதாகத் தேர்வு எழுதி மீளும் வாய்ப்பு கிடைத்தது. பின்னால் சேர்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை. 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு, தமிழ்நாட்டின் பழைமையான தொலைநிலை மையங்களுள் ஒன்றுக்கு 2014-15ஆம் கல்வியாண்டுக்குப் பின் அங்கீகாரம் இல்லை என்று பொது அறிவிப்பு வெளியிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பணம் கட்டிச் சேர்ந்து, தேர்வு எழுதித் தேறியவர்கள் செய்தித்தாளைப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டார்கள்.

இந்தத் தீர்ப்புகளோடு எங்களுக்குச் சண்டை இல்லை. பொறியியலை ஆய்வகம் இல்லாமல் கற்பிக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பின் அடித்தளம் இல்லாமல் பட்டப் படிப்பு நிற்காது. எங்கள் ஆட்சேபம் வேறு. விதியை மீறியது நிறுவனம், மேற்பார்வையில் தவறியது ஒழுங்குமுறை அமைப்பு, ஆனால் தண்டனை முழுவதும் மாணவர் தலையில் விழுந்திருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று சேர்த்துக்கொண்ட மாணவருக்கு மாநில அரசே பிணை நிற்க வேண்டும். அங்கீகாரம் போனால், அவர் அதுவரை தேறிய தாள்களோடு இன்னொரு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறி, கூடுதல் கட்டணம் இல்லாமல் படிப்பை முடிக்க வழி வேண்டும். இதைச் சட்டமாகவே கேட்கிறோம். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்களைப் பொறுத்தவரை, குறுக்குவழி எதையும் நாங்கள் கேட்கவில்லை. அவர்கள் தனித்தேர்வர்களாகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுத, பட்டப் படிப்பு நடக்கும் அதே கல்லூரியில் மாலையில் ஓராண்டுப் பயிற்சி வகுப்பு நடத்துங்கள் என்கிறோம்.

உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு முன்னணியில் இருப்பது எல்லோருக்கும் பெருமை. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2021-22 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்த விகிதம், கல்லூரிகளிலும் தொலைநிலையிலும் சேர்ந்த அனைவரையும், வயது பாராமல் கூட்டி, 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையால் வகுத்து வருவது. ஆக, முப்பத்தைந்து வயதில் பி.காம். சேர்ந்தவரும் இந்தப் பெருமைக்குள் இருக்கிறார். அவர் படிப்பை முடித்தாரா, எந்தப் பருவத்தில் விட்டார், ஏன் விட்டார் என்ற கணக்கை யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு மாநிலப் பல்கலைக்கழகமும் தொலைநிலை, பகுதிநேர மாணவர்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்பதை ஆண்டுதோறும் பாடவாரியாக வெளியிட வேண்டும்.

இனி, நேரம். எங்கள் கோரிக்கையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

மாலை நேரக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கிய பல வகுப்புகள் இன்று மதியம் ஒன்று, ஒன்றரைக்கே தொடங்கி ஆறு மணி வாக்கில் முடிந்துவிடுகின்றன. வேலைக்குப் போகிற எவரும் அந்த நேரத்துக்கு வர முடியாது. பள்ளி முடித்த பிள்ளைகளுக்கே அந்த இடங்களும் போகின்றன. அது அவர்களுக்குத் தேவைதான். அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றிலும் முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட் என்று ஒரே கட்டடத்தில் ஒரே பாடம் இரண்டு முறை நடக்கிறது. ஆனால் முதல் ஷிப்டில் சேர்ந்தவர் இரண்டாம் ஷிப்டில் போய் உட்கார முடியாது. அட்டவணையும் வருகைப் பதிவேடும் தனித்தனி.

தொழிற்சாலையின் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் வட்டாரத்தில் ஏ, பி, சி என்று மூன்று ஷிப்ட் சுழலும் ஆலைகள் ஏராளம். காலை ஆறு முதல் இரண்டு வரை ஒரு வாரம், மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை அடுத்த வாரம், அதன்பின் இரவு ஷிப்ட். வெறும் மாலைக் கல்லூரி திறந்தால் இந்தத் தொழிலாளிக்குப் பாதிப் பயன்தான். பி ஷிப்ட் வந்த வாரமெல்லாம் வகுப்பு போய்விடும். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். ஹால் டிக்கெட் நின்றுபோகும்.

ஆகவே எங்கள் முன்மொழிவு இது. தொழிற்பேட்டைகளை ஒட்டியுள்ள அரசுக் கல்லூரிகளில், குறிப்பிட்ட சில பட்டங்களுக்காவது, இரண்டாம் ஷிப்டை மாலை நான்கு முதல் எட்டு மணி வரையிலான நேரத்துக்கு நகர்த்த வேண்டும். இரண்டு ஷிப்டுக்கும் ஒரே வாரப் பாடத்திட்டம் இருக்க வேண்டும். வேலை பார்க்கும் மாணவர் எந்த வாரம் எந்த ஷிப்டில் உட்கார்ந்தாலும் ஒரே வருகைப் பதிவேட்டில் அது ஏற வேண்டும். பி ஷிப்ட் வந்தால் காலை வகுப்பு. ஏ ஷிப்ட் வந்தால் மாலை வகுப்பு. இரவு ஷிப்ட் என்றால் தூங்கி எழுந்து மாலைக்கு வருவார். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். ஆசிரியர் கட்டாயம் வேண்டும். அதைக் கௌரவ விரிவுரையாளர்களின் தலையில் கூடுதல் சுமையாக வைப்பதை நாங்கள் ஏற்க மாட்டோம். நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கியே செய்ய வேண்டும். எட்டு மணிக்குக் கல்லூரி விட்டால் வீட்டுக்குப் பேருந்து இருக்க வேண்டும் என்பதும் இந்தத் திட்டத்தின் பகுதி. கடைசி வண்டி ஏழரைக்கு என்றால் பெண்கள் எவரும் சேரப் போவதில்லை.

இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு முன்மாதிரியைக் காட்டுகிறோம். பாலிடெக்னிக் முடித்து வேலையில் இருப்பவர்களுக்குக் கோவை, சேலம், திருநெல்வேலி போன்ற ஊர்களின் பொறியியல் கல்லூரிகளில் பகுதிநேர பி.இ. நீண்ட காலமாக மாலையில் நடந்து வந்திருக்கிறது. அவர்கள் நின்றதும் கல்லூரியின் ஆய்வகத்தில்தான். எழுதியதும் பல்கலைக்கழகத் தேர்வுதான். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் 2023-24 முதல், வேலையில் இருப்பவர்களுக்கு வசதியான நேரத்தில் வகுப்பு நடத்தப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிவிட்டிருக்கிறது. பொறியியலுக்கு முடிகிறது என்றால், பி.ஏ. தமிழுக்கும் பி.எஸ்சி. கணிதத்துக்கும் ஏன் முடியாது?

தரம் குறையும் என்ற அச்சத்தை நாங்கள் ஒதுக்கித் தள்ளவில்லை. அந்த அச்சத்தை உண்டாக்கியவர்கள் எங்களுக்கும் எதிரிகள். ஆறே மாதத்தில் பட்டம் என்று தெருச் சுவரில் எழுதுகிறவர், தேர்வு மையத்தில் விடை சொல்லித்தர விலை பேசுகிறவர், பணம் கட்டினால் போதும் வர வேண்டாம் என்று ஆசைகாட்டும் ஸ்டடி சென்டர் எல்லோரும், இரவு கண்விழித்துப் படித்தவரின் பட்டத்தைத்தான் மலிவாக்குகிறார்கள். தேர்வை எளிதாக்கச் சொல்லி நாங்கள் ஒருபோதும் கேட்க மாட்டோம். பகல் மாணவருக்கும் எங்களுக்கும் ஒரே நாளில் ஒரே வினாத்தாள் கொடுங்கள். ஒரே ஆசிரியர்கள் திருத்தட்டும். அப்படி வந்த பட்டத்தைப் பார்த்து எந்த நேர்முகத் தேர்வுக் குழுவும் முகம் சுளிக்க முடியாது. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்கு இணையானவை என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தபின்னும், ரெகுலரில் படித்தவர்கள் மட்டும் என்று விளம்பரம் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அரசின் நிதியோ சலுகையோ பெறும் நிறுவனங்களாவது அந்த வரியை நீக்க வேண்டும்.

கட்டணத்தில் இருக்கும் அநீதி பலர் கண்ணில் படுவதில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் பகலில் இளநிலைப் பட்டம் படிக்கும் மாணவரிடம் கற்பிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு அது. ஆனால் குடும்ப வறுமையால் பதினெட்டு வயதில் வேலைக்குப் போய்விட்டவர், முப்பதாவது வயதில் அதே பாடத்தைத் தொலைநிலையில் படித்தால் ஒவ்வொரு ஆண்டும் கட்டணம் கட்ட வேண்டும். அன்று கல்லூரிக்கு வர வசதி இல்லாதவரிடம்தான் இன்று காசு கேட்கிறோம். முதல் முறையாக இளநிலைப் பட்டம் படிக்கும் எவருக்கும், எந்த வயதிலும், எந்த முறையிலும், மாநிலப் பல்கலைக்கழகங்கள் கற்பிப்புக் கட்டணம் வாங்கக் கூடாது. பல்கலைக்கழகங்களுக்கு ஏற்படும் இழப்பை அரசு மானியமாக ஈடுகட்ட வேண்டும். இதற்குச் செலவாகும் என்பது தெரியும். அந்தச் செலவை இத்தனை காலம் தொழிலாளிகள் தங்கள் சம்பளத்திலிருந்து சுமந்து வந்திருக்கிறார்கள்.

அலுவலக நடைமுறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். சேர்க்கையின்போதே மூன்றாண்டுத் தேர்வு மாதங்களை அறிவியுங்கள். ஓவர்டைமையும் ஊர்த் திருவிழாவையும் அதற்கேற்பத் திட்டமிட்டுக்கொள்வோம். தொலைநிலைத் தேர்வுகளை வார இறுதிகளில் வையுங்கள். பட்டத்தின் உண்மைத்தன்மைச் சான்றைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் இணையத்திலேயே கொடுங்கள். அது வராததால் பதவி உயர்வு தள்ளிப்போகும் நிலை இனி வேண்டாம்.

கடைசியாக, விடுப்பு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974-லேயே, கல்விக்காகச் சம்பளத்தோடு விடுப்பு தருவதற்கென 140-ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. தொழிற்பயிற்சியோடு பொதுக் கல்விக்கும் தொழிற்சங்கக் கல்விக்கும் அது இடம் தருகிறது. இந்தியா அதை இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. ஆலைத் தொழிலாளிக்கு இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சேரும் ஈட்டிய விடுப்பு, காய்ச்சலுக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்குமே போதுவதில்லை. தேர்வு நாளில் லாஸ் ஆஃப் பே போட்டுவிட்டு ஹாலுக்கு வருகிறவர் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நாள் கூலியைத் தேர்வுக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டுகிறார். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் திரும்பிப் போகும்போது வேலை இருக்குமா என்ற பயமும் கூட வருகிறது.

மத்திய அரசு இந்த உடன்படிக்கையை ஏற்க வேண்டும். அதற்காகக் காத்திராமல், பல்கலைக்கழகத் தேர்வு நாட்களுக்கும் அதற்கு முந்தைய ஒரு நாளுக்கும் சம்பளத்தோடு விடுப்பு தரும் விதியைத் தமிழ்நாடு அரசு தன் அதிகாரத்துக்கு உட்பட்ட நிறுவனங்களிலும், தன் துறைகளில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் முதலில் கொண்டுவர வேண்டும். தனியார் ஆலைகளின் நிர்வாகங்களையும் தொழிற்சங்கங்களையும் நாங்களே நேரில் சந்தித்து, அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில் தேர்வு விடுப்பை ஒரு ஷரத்தாகச் சேர்க்கும்படி கேட்கப் போகிறோம்.