திகதிக்காகக் காத்திருப்போர்

2022ஆம் ஆண்டிலே பெற்றோலுக்கும் எரிவாயுவுக்குமாக இரவு பகலாய் வரிசையில் நின்ற நம்மவர்க்கு வரிசையின் நியாயத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. முந்தி வந்தவன் முன்னே நிற்பான். பிந்தி வந்தவன் பின்னே நிற்பான். இடையிற் புகுந்தவன் வசை கேட்பான். ஆயின், முந்தி வந்தவன் பத்தாண்டுக்கு மேல் நின்றுகொண்டேயிருக்க, நேற்று வந்தவன் பெறவேண்டியதைப் பெற்றுச் செல்லும் வரிசையொன்றும் உலகில் உண்டு. அங்கே எவரும் இடையிற் புகவில்லை. எல்லாம் சட்டப்படியே நடைபெறுகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே உத்தியோகத்தின் பேரில் நிரந்தரமாகக் குடியேறுதற்குரிய விசா வரிசையே அது. "மகன் அங்கே நல்ல வேலையில் இருக்கிறான், கிறீன் காட் மாத்திரம் இன்னும் வரவில்லை" என்று பெருமூச்செறியும் பெற்றோர் பலரை நாம் அறிவோம். அவர் பொருட்டும், மேற்படிப்புக்கு அந்நாடு செல்ல எண்ணும் மாணவர் பொருட்டும் இதனைச் சற்று விளக்க முற்படுகின்றோம்.

1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இவ்வகை விசாக்களை ஆண்டொன்றுக்கு 140,000 என வரையறுத்தது. உழைப்பவரின் மனைவி மக்களும் இத்தொகைக்குள்ளேயே அடங்குவர். வகுப்புக்கள் ஐந்து, அவற்றை இங்கே விரிக்கவில்லை. நாம் கருத்திற் கொள்ளவேண்டியது வேறொரு விதி. எந்த ஒரு நாட்டிற் பிறந்தோரும் மொத்தத்தில் நூற்றுக்கு ஏழு வீதத்துக்கு மேற் பெறுதல் ஆகாது என்பதே அது. சீனத்துக்கும் ஏழு; மாலைதீவுக்கும் ஏழு! பிறர் கொள்ளாது விட்டவை எஞ்சினாலன்றி, இந்தியா போன்ற பெருநாட்டிற் பிறந்தோர்க்கு அதற்கு மேல் இல்லை.

விண்ணப்பகாரர் ஒவ்வொருவர்க்கும் ஒரு முன்னுரிமைத் திகதி உண்டு. வேலை கொடுப்பவர் அந்நாட்டுத் தொழில் திணைக்களத்தில் அத்தாட்சி கேட்டு விண்ணப்பித்த நாளே பெரும்பாலும் அத்திகதியாகும். அத்தாட்சி வேண்டாத வகுப்பினர்க்குக் குடிவரவுப் பகுதியில் மனுச் சேர்ந்த நாள். இராசாங்கத் திணைக்களம் மாதந்தோறும் விசா அறிக்கையொன்றை வெளியிடுகின்றது. அதிற் கண்ட திகதிக்கு முற்பட்ட திகதி உடையவரே விசா பெறலாம். நம்மிற் சிலர் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதுபோல அங்குள்ளோர் அவ்வறிக்கையைப் பார்க்கின்றனர்.

2024 ஒக்டோபர் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். உயர் பட்டம் பெற்றோர்க்குரிய இரண்டாம் வகுப்பிலே இந்தியாவுக்குக் குறிக்கப்பட்ட திகதி 2012 ஜூலை 15. இலங்கை உள்ளிட்ட ஏனைய பல நாடுகளுக்கு 2023 மார்ச் 15. தஞ்சாவூரிற் பிறந்த பொறியியலாளர் ஒருவர் 2013 ஜனவரியிலும், யாழ்ப்பாணத்திற் பிறந்த பொறியியலாளர் ஒருவர் 2023 ஜனவரியிலும் திகதி பெற்றனர் என்க. அம்மாதத்தில் விசா கிடைக்கக்கூடியவர் யாழ்ப்பாணத்தவரே. தஞ்சாவூரார் பின்னும் நிற்கவேண்டியவர். இருவர் பேசுவதும் தமிழ். இருவர் கற்றதும் ஒரே கல்வி. இடையே கிடப்பது பாக்கு நீரிணை.

சட்டம் நோக்குவது பிறந்த இடத்தையேயன்றிக் கடவுச்சீட்டையன்று. இந்தியாவிற் பிறந்து கனடாவின் பிரசையானவரும் இந்திய வரிசையிலேயே நிற்பார். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தமிழகத்துக்கு அனுப்பப்பட்ட மலைநாட்டுக் குடும்பங்களை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் கடல் கடந்து, இந்தியப் பிரசையாய் வளர்ந்து படித்த ஒருவர் இவ்வரிசையில் இலங்கையரே. இந்நாடு தன் பிரசையல்லர் என்று அனுப்பிவிட்டவரை, எங்கோ இருக்கும் வேறொரு நாட்டின் சட்டம் இந்நாட்டவர் என்றே கணக்கெடுக்கின்றது.

மற்றுமொரு வாய்ப்பும் உண்டு. கணவன் இந்தியாவிலும் மனைவி இலங்கையிலும் பிறந்திருப்பின், இருவரும் சேர்ந்து குடியேறும்பொழுது கணவன் மனைவியின் நாட்டுக் கணக்கிற் சேரலாம். நம்மூர்ச் சீதனங்களுள் இதனிலும் பெறுமதி வாய்ந்தது ஒன்றுண்டோ அறியோம்! பிள்ளையின் பிறப்பிடத்தைப் பெற்றோர் கொள்ளுதல் மட்டும் இயலாது.

திகதி எப்பொழுதும் முன்னோக்கியே செல்லும் என்பதற்கும் உறுதியில்லை, பின்னோக்கியும் செல்லும். 2007 ஜூலை மாதத்துக்குரிய அறிக்கையானது ஏறக்குறைய எல்லா வகுப்பினரும் விண்ணப்பிக்கலாம் என்றது. மக்கள் மருத்துவப் பரிசோதனை செய்து, பத்திரங்கள் திரட்டி ஆயத்தமாயினர். ஜூலை 2ஆம் திகதி, விசாக்கள் யாவும் முடிந்தன என்ற அறிவித்தல் வந்தது. காத்திருந்தோர் கூச்சலிடவில்லை. குடிவரவுச் சேவையின் தலைவருக்கு நூற்றுக்கணக்கான பூங்கொத்துக்களை அனுப்பினர். காந்தியடிகளின் வழியை நகைச்சுவையோடு காட்டிய இந்தித் திரைப்படமொன்று அவர்க்கு அவ்வெண்ணத்தைத் தந்தது. அம்மலர்கள் போரிற் காயமுற்ற வீரர் தங்கிய மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டன. ஜூலை 17ஆம் திகதி அரசாங்கம் தன் முடிவை மாற்றி, ஒரு மாதம் வரை விண்ணப்பங்களை ஏற்பதாக அறிவித்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டதேயன்றி, விசா கிடைப்பதற்கு அவருட் பலர் மேலும் பல்லாண்டு காத்திருந்தனர் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

நாட்டு வீதத்தை நீக்கும் மசோதாவொன்றை 2019 ஜூலையிலே பிரதிநிதிகள் சபை 365க்கு 65 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. 2020 டிசெம்பரில் செனற் சபையும் தனக்கேற்ற வடிவில் ஒன்றை நிறைவேற்றியது. இரண்டும் ஒன்றாகவில்லை, சட்டமும் ஆகவில்லை. வீதத்தை நீக்கினால் ஏனைய நாட்டவர் நெடுங்காலம் காத்திருக்க நேரிடும் என்போரும் உளர். இலங்கையிற் பிறந்தோர் அவ்வேனைய நாட்டவருள் அடங்குவர் என்பதை மறைத்து, நாம் நடுநிலை பேசுதல் தகாது.

பெரியோர் காத்திருக்கலாம், பிள்ளைகளின் வயது காத்திருப்பதில்லை. இருபத்தொரு வயது நிரம்பிய பிள்ளை பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து நீங்கிவிடும். 2002ஆம் ஆண்டுச் சட்டமொன்று, மனு பரிசீலனையிற் கிடந்த நாட்களை வயதிலிருந்து கழிக்க இடந்தந்தது. வரிசையில் நின்ற ஆண்டுகளைக் கழிக்க அதில் இடமில்லை.

உதாரணமாக, 2003 செப்டெம்பரிலே சென்னையிற் பிறந்து, மூன்று வயதில் அமெரிக்கா சென்ற பையன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். தந்தை இரண்டாம் வகுப்பினர். அவர் திகதி 2013 ஆகஸ்ட். அன்று பையனுக்கு வயது பத்தாகவில்லை. மனு ஆறு மாதம் பரிசீலனையில் இருந்ததெனின், 2025 மார்ச் வரையில் அவன் பிள்ளையாகவே கொள்ளப்படுவான். அம்மாதத்து அறிக்கையில் இந்தியாவின் திகதியோ இன்னும் 2012ஐ விட்டு அகலவில்லை. அவன் மாணவ விசா முதலியவற்றுள் ஒன்றைத் தனக்கெனத் தேடவேண்டும். அன்றேல், மூன்று வயதுக்குப் பின் வாழ்ந்தறியாத நாட்டுக்குத் திரும்பவேண்டும். 2010இல் அவ்வூர் மருத்துவமனையிலே பிறந்த தங்கை ஒருத்தி அவனுக்கு இருப்பின், அவள் பிறப்பினாலேயே அமெரிக்கப் பிரசை. அவளுக்கு எந்தத் திகதியும் வேண்டியதில்லை.