கோபுர தரிசனமும் கழுத்து வலியும்

திருவரங்கத்து இராஜகோபுரம் 13 நிலைகளுடன் 236 அடி உயர்ந்து நிற்கிறது. அதன் அடியில் நின்று அண்ணாந்து கலசங்களைச் சேவிக்க முயலும் முதியோர் சிலருக்குப் பாதியிலேயே கழுத்து பிடித்துக்கொள்கிறது. தலையைத் தாங்கும் 7 கழுத்தெலும்புகளும் அவற்றிடையே உள்ள வட்டுகளும் வயது ஏற ஏறத் தேய்வது இயல்பே. எனினும், எக்ஸ்ரே படத்தில் தேய்மானம் தெரிவோர் அனைவருக்கும் வலி இருப்பதில்லை; வலியுள்ளோர் அனைவரும் அதைத் தீராத நோயென்று அஞ்சவும் வேண்டியதில்லை.

வலிக்காக இயன்முறை சிகிச்சையை நாடுவோருக்குப் பல வழிகள் சொல்லப்படுகின்றன. எதனால் எவ்வளவு பயன் என்று அறிந்துகொண்டால் ஓய்வூதியப் பணமும் வீணாகாது, உடலுக்கும் தீங்கு நேராது.

வெந்நீர் ஒத்தடமும் மின்தூண்டல் கருவிகளும் இறுகிய தசைக்குச் சற்று நேரம் இதம் தரும். அந்த இதம் நெடுநாள் நிலைப்பதில்லை. அல்ட்ராசவுண்ட் கருவியால் பெரும்பயன் உண்டு என்பதற்கு வலுவான சான்று இல்லை. கழுத்துப் பட்டையை மருத்துவர் சொன்ன சில நாள்களுக்கு அணியலாம். மாதக்கணக்கில் அணிந்தால் தசைகள் உழைப்பின்றி மேலும் தளரும். கழுத்தை இழுத்துவிடும் டிராக்ஷன் சிகிச்சை, கைக்குப் பரவும் நரம்பு வலியுள்ள சிலருக்குப் பயிற்சியோடு சேர்ந்து உதவக்கூடும், எல்லோருக்கும் உரியதன்று.

தேர்ந்த சிகிச்சையாளர் தம் கைகளால் மூட்டுகளை மெல்ல அசைத்துத் தரும் சிகிச்சைக்கும், தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிக்கும் இவற்றைவிட நல்ல சான்றுகள் உள்ளன. அமெரிக்காவில் 272 பேரிடம் நடத்தப்பட்டு 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு பிரிவினர் கையால் செய்யும் சிகிச்சையைப் பலமுறை பெற்றனர். மற்றொரு பிரிவினர் இரண்டே அமர்வுகளில் பயிற்சிகளைக் கற்று வீட்டிலேயே செய்துவந்தனர். வலி குறைந்ததில் இவ்விரு பிரிவினரிடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. அதில் பங்கேற்றோர் 65 வயதுக்கு மேற்படாதவர்கள். ஆதலால் முதியோர் தம் மருத்துவரைக் கேட்டே தொடங்குதல் நன்று.

பயிற்சிகள் எளியவை. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, தலையைக் குனியாமல் மோவாயை மெல்லப் பின்னுக்கு இழுத்து 5 விநாடி நிறுத்தலாம். உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாதபடி மெல்ல எதிர்த்து அழுத்தலாம். இரு தோள்பட்டைகளையும் பின்னோக்கிச் சேர்த்துத் தளர்த்தலாம். ஒவ்வொன்றையும் 10 முறை, மூச்சை அடக்காமல் செய்தல் வேண்டும். மயக்கமோ கைக்கு ஓடும் வலியோ தோன்றினால் அக்கணமே நிறுத்திவிட வேண்டும்.

சவரத்தின் முடிவில் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கெடுக்கும் பழக்கம் பல ஊர்களில் இன்னும் உண்டு. முதுமையில் இது ஆபத்தானது. எலும்பு மெலிந்தவர்க்கு முறிவு ஏற்படலாம். அரிதாக, மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதமும் நேரலாம்.

சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுதல், நடை தள்ளாடுதல், கை மரத்துப்போதல் அல்லது வலுவிழத்தல், சிறுநீர் கட்டுப்படாமை, காய்ச்சலோடு வலி, விழுந்த பின் வந்த வலி ஆகியவை கண்டால் பயிற்சிக்கும் ஒத்தடத்துக்கும் நேரம் கடத்தலாகாது. அன்றே மருத்துவரைக் காண வேண்டும். முதுகுத் தண்டு நசுங்குவதன் அறிகுறிகளும் இவற்றுள் அடங்கும். தாமதித்தால் இழந்த வலிமை முழுதும் திரும்பாமல் போகலாம்.

ஆண்டுக்கொரு முறை வரும் உற்சவம் சிறப்புடையதே. ஆயினும் வீட்டில் விளக்கு அணையாமல் காப்பது நித்திய பூஜை அன்றோ? கழுத்துக்கும் அன்றாடம் 10 நிமிடப் பயிற்சியே அத்தகைய பூஜை. கோபுரத்தைச் சேவிக்கச் செல்வோர் அதன் அடியில் நிற்காமல் வீதியில் சற்றுத் தொலைவில் நின்று நோக்கினால், கழுத்தை அதிகம் வளைக்காமலே கலசம்வரை கண்ணாரக் காணலாம்.