மருந்தின் அளவைக் கூட்டுமுன் புழு தின்ற இலையைப் பாருங்கள்

நிலக்கடலையில் புரொடீனியா புழுவுக்கு மருந்தடித்தும் சாகவில்லையென்றால், அடுத்த முறை அளவை இரட்டிப்பாக்குவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. போலி மருந்து என்று கடைக்காரர் மீது பழி விழுவதும் உண்டு. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் புழு எந்த இலையைத் தின்று வளர்ந்தது, அதன் வயதென்ன என்று யாரும் கேட்பதில்லை.

இலை சும்மா கடிபடுவதில்லை. புழு மென்றவுடன் இலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறுகின்றன. நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதும் இதே முறையில்தான். அப்போது ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற அரிக்கும் பொருள்கள் உண்டாகிப் புழுவின் குடலைத் தாக்குகின்றன. புழுவும் சளைத்ததல்ல. அதன் உடலிலுள்ள கேட்டலேஸ் என்னும் நொதி அந்தப் பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். குளுட்டத்தயோன் என்ற பொருளின் துணையோடு வேறு சில நொதிகள் மற்ற நச்சுகளை முறிக்கும். தின்னும் இலைக்குத் தக்கபடி இந்த நொதிகள் கூடும், குறையும்.

விவசாயிக்கு நஷ்டம் வருவது இங்கேதான். இலையின் நச்சை முறிக்கும் நொதிகளில் சில, பூச்சிமருந்தையும் முறிக்க வல்லவை. பருத்தியிலுள்ள காசிப்பால் என்னும் நச்சைத் தின்ற பச்சைக் காய்ப்புழு, டெல்டாமெத்ரின் மருந்தைக் கூடுதலாகத் தாங்குவது சோதனைகளில் காணப்பட்டுள்ளது. அங்கே வேலை செய்வது வேறு வகை நொதி, பலன் ஒன்றுதான். ஆகவே, ஒரு பயிரில் வளர்ந்த புழுவைக் கொல்லும் அளவு, வேறு பயிரில் வளர்ந்ததைக் கொல்லாமல் போகலாம். அளவை இரட்டித்தால் செலவு ஏறும். புழுவைத் தின்னும் நல்ல பூச்சிகளும் மடியும். தப்பிய புழுக்களே அடுத்த தலைமுறைக்குத் தாயாகும்.

புழு முதிர முதிர மருந்துக்கு அடங்காது. எனவே இளமையிலேயே பிடிப்பதுதான் சிக்கனம். கடலைக்கு வரப்போரமாக ஆமணக்கு நடச் சொல்வது இதற்காகவே. தாய் அந்துப்பூச்சி ஆமணக்கு இலையில் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் குவியலாக இட்டுப் பழுப்பு ரோமத்தால் மூடிவைக்கும். பொரித்த குஞ்சுப் புழுக்கள் சில நாட்கள் கூட்டமாகவே இருந்து பச்சையத்தைச் சுரண்டும். இலை சல்லடையாக வெளுத்திருப்பது தூரத்திலிருந்தே தெரியும். அந்த இலையைக் கிள்ளிச் சோப்பு நீரில் அமிழ்த்தினால் ஒரு கூட்டமே ஒழிந்தது. பெரிதானபின் புழுக்கள் சிதறிப் பகலில் மண்ணுக்குள் பதுங்கி இரவில் மேயும். பிறகு தேடிப் பயனில்லை.

ஆமணக்கை நட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் இருப்பது, நடாமல் இருப்பதைவிடக் கெடுதல். அது புழுவை வளர்த்துக் கடலைக்கு அனுப்பும் தொட்டிலாகிவிடும். பூச்சி நடமாட்டமுள்ள காலத்தில் வாரம் இரு முறையேனும் வரப்பைச் சுற்றிவர வேண்டும், கையில் ஒரு வாளியோடு.