பேசாமல் போட்ட பெருக்கல்

14,75,73,95,25,89,67,64,12,927. இருபத்தொரு இலக்கம். அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும். இதைப் பகா எண் என்று 1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் எழுதிவைத்தார்.

தவறு.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகம் கூடியது. பிராங்க் நெல்சன் கோல் வாயே திறக்காமல் கரும்பலகையில் 19,37,07,721-ஐ 7,61,83,82,57,287-ஆல் பெருக்கினாராம். அதே எண் வந்து நின்றது. ஒரே கைதட்டல். அந்த இரண்டு காரணிகளையும் பிடிக்க மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின என்றும் சொல்வார்கள்.

கதை கோலுக்கு மாலை போடுகிறது. போடட்டும். ஆனால் முதல் மாலை கணிதர் எதுவார் லூக்காவுக்கே உரியது. அந்த 21 இலக்க எண் பகு எண் என்று 1876-லேயே காட்டியவர் அவர். அதுவும் ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமல்! உடையும் என்று தெரிவது வேறு, உடைப்பது வேறு. ‘காரணிப்படுத்துக’ என்பதோடு நின்றுவிடும் பள்ளிக் கணக்கில் இந்த வேறுபாடு மாணவர் காதில் விழுவதே இல்லை. விழ வேண்டும். ஏனெனில் பெருக்குவது எளிது, பிரிப்பது பெரும்பாடு என்பதை நம்பித்தான் ஆர்எஸ்ஏ என்ற கணினிப் பூட்டு நிற்கிறது. 2,048 பிட் சாவியில், பிரிக்க வேண்டிய எண்ணுக்கு 617 இலக்கம்.